அறுபது கதவுகள்

மொறட்டுவை,
ஜூன் 20.

தினிதியின் அப்பாவுக்கு,

புத்தர் முதலான மும்மணிகளின் காவலில் நானும் மகளும் சுகம். உங்கள் கையிலிருந்த வெட்டுக்காயம் ஆறிவிட்டதா? மலேசியாவில் ஓயாத மழை என்று எழுதியிருந்தீர்கள். இங்கேயும் அதே கதைதான்.

இரண்டு மாதமாக மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். மரம் பிடிபட்டது, இப்போது ஹோட்டலுக்குச் செய்யவிருந்த அறுபது கதவுகளும் கைவிட்டுப் போயின. அந்த வேலை முடிந்தால் பட்டறை நிமிர்ந்துவிடும், நானும் ஊர் திரும்பிவிடுவேன் என்றீர்களே, அதேதான்.

ஏப்ரலில் கேகாலையில் வாங்கிய பலா மரங்களை ஏற்றிக்கொண்டு உங்கள் தம்பி ஜயசிறி காலை ஒன்பதுக்கே தயாராக நின்றார். மரம் கொண்டுவர வாங்கிய பர்மிட் மாலை ஆறு மணியோடு முடியும். ஆனால் புத்தாண்டுக்குப் பின் தொழிலுக்குப் புறப்படும் சுபநேரம் அன்று பிற்பகல் இரண்டு நாற்பத்தேழு. நான் போனில் கத்தினேன். "அண்ணி, வருஷத்தோட முதல் மரம். நேரம் பாக்காம எடுத்தா வருஷம் பூரா விளங்காது, சும்மா இருங்க" என்றார். நானும் சும்மா இருந்தேன். பொய் சொல்வானேன், எனக்கும் பயம்தான்.

வழியில் சோதனைச் சாவடிக்கு வந்தபோது மணி ஆறு இருபது. "சுபநேரத்த பர்மிட்டுல எழுதியிருக்கா?" என்று கேட்டாராம் பொலிஸ்காரர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

பிடித்த மரம் நீதிமன்ற வளவில் கிடக்கிறது. வழக்கு ஆகஸ்டில். வெட்டுமுனைகளுக்குப் பெயின்டாவது பூசிவிடுகிறேன், இல்லையென்றால் பிளந்துவிடும் என்று டப்பாவும் தூரிகையுமாகப் போய்க் கெஞ்சினேன். "வழக்குச் சாமான் நோனா, தொடப்படாது" என்று காவலாளி மறித்துவிட்டார். தள்ளி நின்று பார்த்தேன். ஒவ்வொரு முனையிலும் விரல் நுழையும் வெடிப்பு.

வேறு மரம் வாங்கலாமே என்பீர்கள். எங்கே? ஏலத்துக்கு வருவதே கொஞ்சம், அதையும் பெரிய முதலாளிகள் அள்ளிவிடுகிறார்கள். நம் தெருவில் ஏழு பட்டறைகளில் நான்கு பூட்டு. கப்பலில் வந்த கதவு விற்கும் கடையில் மட்டும் கூட்டம். நம்மிடம் இருபது வருஷம் கதவு இழைத்த விமலதாசவும் ருமேனியாவுக்குப் பெட்டி கட்டிவிட்டார். அந்தக் குளிர் தாங்குமா என்று கேட்டேன். "அடுப்பு எரியாத வீட்டுக் குளிரையே தாங்கியாச்சு" என்று சிரிக்கிறார்.

முந்தாநாள், ஆகஸ்ட் வரை பொறுக்கச் சொல்லி ஹோட்டலுக்குப் போனேன். மேனேஜர் பொல்லாதவர் இல்லை, உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். கதவுகள் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தன, அட்டைப் பெட்டிகளில். பிரித்திருந்த ஒன்றைத் தடவிப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே தேடினேன். ஒன்றுமில்லை, மூட்டெல்லாம் சுத்தம். பெட்டியின் ஓரத்தில் கம்பெனிப் பெயர் இருந்தது. நீங்கள் அனுப்பிய படத்தில் உங்கள் சட்டைப் பையின்மேல் தைத்திருக்கிறதே, அதே பெயர்.

தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். ஜயசிறியிடம் இதைச் சொல்லவில்லை. அவர் ஒழுங்காகச் சாப்பிட்டே எத்தனையோ நாளாயிற்று. நீங்களும் அவரைத் திட்டி எழுத வேண்டாம்.

வாருங்கள் என்று கூப்பிட இப்போது என்னிடம் ஒரு வேலையும் இல்லை. அந்த அறுபதில் எத்தனை உங்கள் கைபட்டது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மரம் அறுக்கும் வாள் ஓடும்போது விரல்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து விரலோடும் உங்களை வீடு சேர்க்கச் சொல்லித்தான் விகாரையில் விளக்கேற்றுகிறேன்.

உங்கள்
ஹேமமாலி