ஆறாம் 'பி'யில் பெருமூச்சு

ஜூலை 7, திங்கள்
விடியும் முன்பே மழை. டாக்குரியா ஸ்டேஷன் பக்கம் முழங்கால் தண்ணீர். பள்ளிக்குப் பத்து நிமிடம் தாமதம்.
செயலாய்வு இன்று ஆரம்பம். என் பாடத்தில் குறை எங்கே என்று நானே பார்த்து, மாற்றி, மறுபடி பார்க்க வேண்டும். எடுத்தது ஆறாம் 'பி', பின்னக் கூட்டல். ஆளுக்கொரு துண்டுச்சீட்டு. பெயர் வேண்டாம், யாரிடமும் காட்ட மாட்டேன் என்று சொன்னேன். கேள்வி: கணக்கு வகுப்பில் எப்போது வாய்மூடி இருந்துவிடுகிறாய்?
பாதிப் பேருக்குப் பசிக்கும்போது. ஒன்று மட்டும் வங்காள மொழியில்: 'புரியவில்லை என்றால் மிஸ் பெருமூச்சு விடுவார். அதனால் புரிந்தது என்றே சொல்லிவிடுவேன்.'
கையெழுத்து தெரியும். மௌமிதா. முதல் பெஞ்சில் எப்போதும் தலையாட்டுகிறவள்.

8, செவ்வாய்
பாடத்தை போனில் பதிவு செய்து, வீட்டில் போட்டுக் கேட்டேன். ஆறு பெருமூச்சு. விட்டதே தெரியவில்லை.
இவர் காபியோடு வந்து நின்று கேட்டார். "எங்கிட்டயும் இப்படித்தான் விடறே. பழகிப்போச்சு."
சிரிப்பு வரவில்லை.
கரியாஹாட் கடைத்தெருவில் வாங்க: உளுந்து, சாக்பீஸ், இவருக்குக் குடை.

9, புதன்
ஸ்டாஃப் ரூமில் அந்தச் சீட்டைப் பற்றி வாயைத் திறந்திருக்கக் கூடாது. ஒருங்கிணைப்பாளர் மேடம் கூப்பிட்டுவிட்டார். என் செயலாய்வு அறிக்கையில் அது வரக் கூடாதாம். எழுதியது யார் என்று சொன்னால் பெற்றோரை வரவழைப்பாராம். என் ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிவதையும் ஞாபகப்படுத்தினார்.
யாரென்று தெரியாது என்றேன். சீட்டு என் மடியிலிருந்த பையில்.

10, வியாழன்
ஆசிரியர் கூட்டம். சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போன் பதிவைப் போட்டேன். அந்த ஆறு பெருமூச்சும் என்னுடையவை, இதைத்தான் மாற்றப் போகிறேன் என்றேன். யாரும் நிமிரவில்லை. நாளை உன் வகுப்பில் உட்காருகிறேன் என்றார் மேடம்.


11, வெள்ளி
மேடம் கடைசி பெஞ்சில், நோட்டோடு.
அரையும் மூன்றில் ஒன்றும். கணக்கைப் பலகையில் நான்கு வரியில் போட்டேன். புதிய ஏற்பாடு: எந்த வரியில் புரியாமல் போகிறதோ, வந்து அங்கே சாக்பீஸால் புள்ளி வைக்கலாம். ஒருவரும் அசையவில்லை. மேடம் கடிகாரம் பார்த்தார். எனக்குப் பெருமூச்சு முட்டிக்கொண்டு வந்தது. விடவில்லை.
மௌமிதா எழுந்தாள். "மிஸ், புஜ்லாம் நா." புரியவில்லை என்கிறாள். இத்தனை நாளில் முதல் தடவை. வந்து முதல் வரியில் புள்ளி வைத்தாள். அரை எப்படி ஆறில் மூன்றாகிறது என்ற இடம்.
அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் மூன்று பேர். பிறகு ஒரு வரிசையே நின்றது. எல்லாப் புள்ளியும் முதல் வரியில்தான்.
மூன்று நாளாக நான் கடைசி வரியை விளக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.
மணி அடித்தது. 'பாடம் முடிக்கப்படவில்லை' என்று மேடம் எழுதியதைப் பார்த்தேன். ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச்சில்லை. நானும் கேட்கவில்லை. பலகையை அழிக்க வேண்டாம் என்று அடுத்த பீரியட் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.