கதவைப் பிடித்திருந்த கை

12-6-1974, புதன்.

இன்று காலை இறங்கிய விமானத்தின் சக்கரத்தில் தீ. எங்கள் தீயணைப்பு வண்டி போனபோது, கதவுக் கம்பியை விடாமல் ஒருவர் வழியை அடைத்து நின்றார். பின்னால் எல்லோரும் கதறினார்கள். பயத்தில் உறைந்தவனின் விரலில் அடி என்பதுதான் எங்கள் பயிற்சி. ஏணியில் ஏறிக் கோடாலிக் காம்பால் அடித்தேன். எலும்பு நொறுங்கியது. கீழே விழுந்தார்.

அவருடைய மறுகை, உள்ளே மிதிபட்டுக் கிடந்த மனைவியை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த அம்மாவை நான்தான் தூக்கி வந்தேன்.

“நீ பண்ணது கரீட்டு மச்சான், இன்னாத்துக்குப் பேஜாராவுறே?” என்றான் டிரைவர் காதர்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அடிபட்டவர் செங்கல்பட்டில் வாத்தியாராம். ஹெல்மெட் இல்லாத என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“இந்தத் தம்பிதாங்க என்னைத் தூக்கினு வந்தது” என்றார் மனைவி.

அவர் என்னைக் கும்பிடப் பார்த்தார். ஒரு கைதான் எழுந்தது.