கப்புகனாரைவிட உயரம்

மச்சாள், இன்று காலை டியூசன் வகுப்பில் ஒரு பிள்ளை கூட உயரம் என்பதற்கு இங்கிலீசில் "மோர் டோலர்" என்று எழுதிக்கொண்டு வந்தாள். சிவப்புப் பேனையை எடுத்தேன், திருத்த முடியவில்லை. அதே பிழையை நீ விட்ட அந்தப் பின்னேரங்கள் நினைவுக்கு வந்துவிட்டன. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது சண்டைக்காலம். தன்னாமுனையில் பஸ்ஸை மறித்து உன் புருசனை இறக்கிக் கொண்டுபோய் ஒரு வருடம் ஆகியிருந்தது. கலியாணப் படம் வீட்டோடு எரிந்துபோனது. காணாமற்போனவர்களைப் பதிகிற வெள்ளைக்காரரின் அலுவலகம் ஒன்று டவுனில் இருந்தது. நீ அழுது அழுது சொன்னதையெல்லாம் அங்கிருந்த மொழிபெயர்ப்பாளர் ஒரே வரியில் முடித்துவிட்டாராம். வந்ததும் வராததுமாக என் படலையைத் திறந்தாய்.

"எனக்கு இங்கிலீசு சொல்லித் தாகா. என்ட மனிசன நானே சொல்லப் போறன்."

நானும் உன் வயதுக்காரிதான். களுதாவளையில் படிப்பிக்கத் தொடங்கிய புதிது. ஆரையம்பதி வாவிக்கரையில் நீ இறால் உரிப்பாய், நான் பாடம் சொல்வேன். சின்னச் சொல்லென்றால் வாலில் "அர்" சேர், நீளச் சொல்லென்றால் முன்னால் "மோர்" வை என்றால், நீ இரண்டையும் போடுவாய்.

"ரெண்டையும் போட்டா இன்னும் கூட உயரமா விளங்கும்தானே?" என்று என்னையே மடக்குவாய்.

இங்கிலீசில் நல்லதும் கெட்டதும் மட்டும் ஏன் "பெட்டர்", "வேர்ஸ்" என்று அடையாளமே தெரியாமல் மாறிப்போகின்றன என்றும் கேட்டாய். "காலம் அப்படிகா" என்றேன். இருவரும் சிரித்தோம். அந்த நாட்களில் நீ சிரித்தது எனக்குப் பெரிய காரியம்.

எங்கள் ஊரில் யாரும் ஓராளின் உயரத்தை அடிக்கணக்கில் சொல்வதில்லை. தெரிந்த இன்னோராளைக் காட்டித்தான் சொல்வோம். நீயும் அப்படியே ஊரை இங்கிலீசாக்கினாய். அம்மன் கோயில் பூசாரி கப்புகனாரைவிட உயரம், தோணிக்காரரைவிட மெலிவு, என்னைவிடக் கறுப்பு. ஒரு பிழையில்லாமல் பாடமாக்கினாய்.

அலுவலகத்துக்கு நானும் உன்னோடு வந்தேன். உன் மனிசன் எப்படியிருப்பார் என்று வெள்ளைக்காரர் கேட்க, நீ நிமிர்ந்து இருந்து, அவர் கப்புகனாரைவிட உயரம் என்று இங்கிலீசில் சொன்னாய். வெள்ளைக்காரர் பேனையை நிறுத்தி, "அது யார்?" என்று கேட்டார். மச்சாள், அந்த ஒரு கேள்வியில் நம் பாடமெல்லாம் பாழ் என்றுதான் நான் நினைத்தேன். நீ விடவில்லை. எழுந்தாய். அந்த வெள்ளைக்காரரையும் கையைக் காட்டி எழுப்பினாய். உன் உச்சந்தலையில் கையை வைத்து, அதை அப்படியே அவருடைய தோளுக்குக் கொண்டுபோனாய்.

"என்ட தல அவரிட தோளுக்கு வரும். உங்களுக்கும் அப்படித்தான். நீங்களும் அவரும் ஒரே உயரம்" என்று தமிழில் சொல்லிவிட்டு உடைந்து அழுதாய். மொழிபெயர்ப்பாளர் இந்தமுறை ஒரு சொல்லையும் விடவில்லை.

உன் புருசன் திரும்பி வரவில்லை. எத்தனையோ ஆணைக்குழுக்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் போய் நின்றாய். "இப்ப என்னைவிட நரைச்சிருப்பாரு, எழுதுங்க" என்று கடைசியாகப் போனபோது சொன்னாய். போன மாரியில் நீயும் போய்விட்டாய். உன்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது, இவ்வளவு பொறுத்தவள் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று.

சென்ற கிழமை மறுபடியும் ஓர் ஆணைக்குழுவிலிருந்து விசாரிக்க வந்தார்கள். உன் வீடு பூட்டிக் கிடந்ததால் என்னிடம் வந்தார்கள். உன் கலியாணத்தின்போது நான் பயிற்சிக் கலாசாலையில் இருந்தேன், பந்தலில் ஒருதரம் பார்த்ததோடு சரி. அவர் முகம் எனக்கு ஞாபகமில்லை. எனக்குத் தெரிந்தவர் நீ சொல்லிச் சொல்லி உண்டாக்கியவர்தான்.

"அவளைவிட உயரம்" என்றேன்.

"எவளைவிட?" என்று கேட்டாள் எழுத வந்த பெண்.

நீ என் காதளவு உயரம். காதுக்கு நேரே கையைப் பிடித்து, "இது அவள்" என்றேன். அங்கிருந்து ஒரு சாணுக்கும் மேலே உயர்த்தி, "இது அவர்" என்றேன். அந்தப் பெண் எழுதி முடித்துவிட்டாள். எனக்குக் கையை இறக்க மனம் வரவில்லை, மச்சாள்.