இரண்டு குரலில் பாடம் படித்த என் மகளை ‘ஈ’ பிரிவுக்கு மாற்றுவது குறித்து

அனுப்புநர்:
இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பன்,
லிஃப்ட் பராமரிப்புத் தொழில்நுட்பர்,
மருந்துக்கடைக்கு மேல் மாடி, பின்பக்கப் படி.

பெறுநர்:
உயர்திரு கல்வி அதிகாரி அவர்கள்,
பகுதிக் கல்வி அலுவலகம்.

பொருள்: வீட்டில் கற்றல் துணை இல்லை என்ற காரணத்தால் என் மகள் ‘அ’ பிரிவிலிருந்து ‘ஈ’ பிரிவுக்கு மாற்றப்படுவதைத் தடுத்துத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற செவ்வாய்க்கிழமை மாலை 4.17 மணிக்கு என் மனைவியின் கைபேசிக்குப் பள்ளியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. நான் அப்போது ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். “அன்புள்ள அம்மா” என்று தொடங்கிய அந்தச் செய்தியில், தங்கள் வீட்டில் கற்றல் துணை இல்லாததால் தங்கள் மகள் ‘ஈ’ பிரிவுக்கு மாற்றப்படுகிறாள் என்றும், வெள்ளிக்கிழமைக்குள் தாயார் நேரில் வந்து ஆட்சேபம் எழுதிக் கையொப்பமிடாவிட்டால் சம்மதம் என்றே கொள்ளப்படும் என்றும் இருந்தது.

2. என் மனைவி இறந்து நான்கு மாதம் ஆகிறது. தான் வேலை பார்த்த கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள் தலைவலிக்கிறது என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு எழவில்லை. மூளையில் இரத்தக்கசிவு என்றார்கள். இதற்கு மேல் இந்த மனுவுக்குத் தேவைப்படாது.

3. இறப்பைப் பள்ளிக்கு உடனே தெரிவித்தேன். இனி என் எண்ணுக்குச் செய்தி அனுப்பும்படியும் கேட்டுக்கொண்டேன். அலுவலகத்தில் இருந்த பெண் கணினியில் வெகுநேரம் தேடிப் பார்த்துவிட்டு, “சார், பாடம், வீட்டுப்பாடம் எல்லாம் அம்மா நம்பருக்குத்தான் போகும். அப்பா நம்பர் போட்டா ஃபீஸ் மெசேஜ் மட்டும்தான் வரும். சிஸ்டமே அப்படித்தான் சார், நான் என்ன பண்றது” என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அன்றிலிருந்து இரண்டு கைபேசிகளையும் ஒரே சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். இரவில் இரண்டுக்கும் சார்ஜ் போடுகிறேன்.

4. பள்ளியில் ‘வீட்டு வாசிப்பு’ என்றொரு முறை உண்டு. நாள்தோறும் இரவு ஒன்பது மணிக்குள் தாய் பாடத்திலிருந்து கேள்வி கேட்க வேண்டும், பிள்ளை பதில் சொல்ல வேண்டும். அதை ஒலிப்பதிவாக அனுப்ப வேண்டும். ஒழுங்காக அனுப்பும் வீட்டுப் பிள்ளைகள் ‘அ’ பிரிவில் இருப்பார்கள். அனுப்ப முடியாத வீட்டுப் பிள்ளைகள் ஆ, இ என்று இறங்கி ‘ஈ’யில் நிற்பார்கள். தேர்வு மதிப்பெண்ணுக்கு இதில் பங்கில்லை. நான் டிப்ளமோ படித்தவன். எதை அளக்கிறோம் என்று தெரியாமல் எந்தக் கருவியையும் மாட்டக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த முறை பிள்ளையை அளக்கவில்லை, பிள்ளையின் வீட்டை அளக்கிறது என்பதை என் மனைவி இருந்தவரை நான் கவனிக்கவில்லை. எங்கள் வீடு அப்போது தேறிக்கொண்டிருந்தது.

5. என் மனைவி வேலை முடிந்து வந்ததும் அடுப்பில் ஒரு கண்ணும் புத்தகத்தில் ஒரு கண்ணுமாக இதைச் செய்வாள். மகள் பதில் சொல்லத் தாமதித்தால், “ம், சொல்லு தங்கம், பஸ் போயிடப்போகுது” என்பாள். எந்த பஸ் என்று மகளும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

6. அவளுக்குப் பிறகு, பள்ளி விட்டதும் மகள் கீழ்வீட்டுத் தையல்கார அக்காவிடம் இருப்பாள். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் எட்டு மணி வாக்கில் வந்து அழைத்துக்கொண்டு மேலே போவேன். என்னுடையது அவசர அழைப்பு வேலை. எங்காவது யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் என் கைபேசிதான் அடிக்கும். புத்தகத்தைப் பிரிக்கும்போதே அடிக்கும். மாட்டிக்கொண்டவர்கள் பயந்திருப்பார்கள், அவர்களோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகப் படிக்கட்டுக்கு வந்துவிடுவேன். பல நாள் மகளைத் திரும்பவும் அக்காவிடம் விட்டுவிட்டு அப்படியே கிளம்பியும் விடுவேன். அப்போது மட்டும் என் மனைவியின் கைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்து, வாசிப்பு அனுப்பியாகிவிட்டதா என்று கேட்பேன். “அனுப்பிட்டேம்பா” என்பாள். பள்ளியும் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

7. செய்தி வந்த மறுநாள் தலைமை ஆசிரியை என்னை அறைக்குள் அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, ஓர் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். அதில் முதலில் கொஞ்சம் கனத்த குரல் ஒன்று, மழை எப்படிப் பெய்கிறது என்று கேட்டது. பிறகு என் மகளின் குரல் பதில் சொல்லத் தொடங்கிப் பாதியில் நின்றது. உடனே அந்தக் கனத்த குரல், “ம், சொல்லு தங்கம், பஸ் போயிடப்போகுது” என்றது. மகள் தப்பாகச் சொன்னாள். கனத்த குரல், “அப்படியா போட்டிருக்கு? மறுபடி பாரு” என்றது. பக்கம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மகள் சரியாகச் சொன்னாள்.

இரண்டு குரலும் அவளுடையதுதான்.

8. இவ்வாறு பல பதிவுகள் வந்திருக்கின்றன. வகுப்பாசிரியைதான் கண்டுபிடித்திருக்கிறார். அவர் கேட்டுவிட்டு அழுததாகவும், விதி என்பதால் மேலே தெரிவித்ததாகவும் அறிகிறேன். தலைமை ஆசிரியையும் கடுமையாகப் பேசவில்லை. “உங்க பொண்ணு கெட்டிக்காரிதான் சார், நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா இது ஏமாத்து வேலை இல்லையா? வீட்ல ஆள் இல்லாத பிள்ளைக்கு ‘அ’ பிரிவு வேகம் தாங்காது. அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார். தவற்றைத் தானே கண்டு தானே திருத்திக்கொண்ட பிள்ளைக்கு எந்தத் துணை இல்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும்.  சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, வண்டிச் சாவியை உள்ளேயே வைத்துவிட்டதை உணர்ந்து, மறுபடி உள்ளே போய், அதையும் கேட்காமல் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

9. நான் பராமரிக்கும் குடியிருப்பு ஒன்றில் நான்காம் மாடியில் ஒரு பெண் மருத்துவர் இருக்கிறார். அவர் மகனும் அதே ‘அ’ பிரிவுதான். லிஃப்டில் என்னைப் பார்த்து விசாரித்தவர், “இதுக்குப் போயா? எனக்கு எங்கேங்க உட்கார நேரம்? டியூஷன் மிஸ்தான் என்னை மாதிரி பேசி அனுப்பிடுவாங்க. ஸ்கூலுக்கே தெரியுமே” என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். நல்ல மனுஷி. இன்று காலை இதைப் பள்ளியில் பெயர் சொல்லாமல் கேட்டேன். அதற்குக் கிடைத்த பதில்: “அது ஏற்பாடு சார். அவங்க ஒரு ஏற்பாடு பண்ணியிருக்காங்க. உங்க வீட்ல ஏற்பாடு இல்லையே.” சம்பளத்துக்கு வந்தவர் தாயின் குரலில் பேசினால் துணை, பெற்ற பிள்ளை பேசினால் மோசடி என்று இதைப் புரிந்துகொள்கிறேன். நான் புரிந்துகொண்டது தவறென்றால் தாங்கள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

10. ‘ஈ’ பிரிவையும் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்தும் கொட்டகையை ஒட்டி இருக்கிறது. கதவு முழுதாகத் திறக்காது, பெஞ்சு இடிக்கும். அங்கே காவலாளி ஒருவரின் இரட்டைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாய் வெளிநாட்டில் வீட்டுவேலை பார்க்கும் ஒரு சிறுமி இருக்கிறாள். துணி ஆலையில் இரவு வேலை பார்க்கும் பெண்ணின் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். படிப்பு வராத பிள்ளைகளை ஒன்றாக வைத்திருக்கிறோம் என்று பள்ளி சொல்கிறது. எனக்கு அந்த அறையில் தென்பட்டதெல்லாம், இரவு எட்டு மணிக்கு வீட்டில் இருக்க முடியாத அம்மாக்கள்தான். மற்ற பிரிவுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகும்போது ஈ பறப்பதுபோல் வாயால் சத்தம் எழுப்பிக்கொண்டு ஓடுகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது.

11. ‘ஈ’ பிரிவுக்குப் புத்தகத்தின் பின்பாதி நடத்தப்படுவதில்லை. ஆண்டு முடிவில் மேல் பிரிவுக்குப் போக ஒரு தேர்வு வைக்கிறார்கள். அந்தத் தேர்வில் பின்பாதியும் உண்டு. இதுவரை யாராவது மேலே போயிருக்கிறார்களா என்று கேட்டேன். அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர் சாக்பீஸைப் பார்த்துக்கொண்டே, “முயற்சி பண்ணினா போகலாம் சார்” என்றார்.

12. ஐயா, லிஃப்டில் எடை கூடினால் மணி அடிக்கும், கதவு மூடாது. உள்ளே இருக்கும் எல்லாரும் கடைசியாக ஏறியவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவரும் அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு இறங்கிப் படியேறுவார். எடை எல்லாருடையதும்தான். அந்த மணி சரியாக அடிக்கிறது என்று மாதந்தோறும் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். இதனால் யாருக்கும் எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அந்த வகுப்பறை வாசலில் நின்றபோது நினைவுக்கு வந்தது, எழுதிவிட்டேன்.

13. நாளை வெள்ளிக்கிழமை. தாயார் நேரில் வர வேண்டும் என்ற இடத்தில் தகப்பன் வரலாமா என்று பள்ளியில் கேட்டதற்கு, விதியில் அப்படி இல்லை, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். மேலிடம் தாங்கள்தான் என்று நினைத்து எழுதுகிறேன். அதுவும் இல்லையென்றால் வேறு யாரிடம் போவதென்று எனக்குத் தெரியவில்லை.

14. என் மகளை நான் திட்டவில்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். புதன்கிழமை இரவு அவளே கேட்டாள்: “அப்பா, நான் அம்மா மாதிரி சரியா பேசலையா? அதான் கண்டுபிடிச்சிட்டாங்களா?” சரியாகத்தான் பேசினாய் என்று சொன்னேன். அதன் பிறகு அவள் அந்தக் குரலில் பேசவில்லை. இப்போது எங்கள் வீட்டில் அந்தக் குரல் இல்லை.

15. ஆகவே, என் மகளை ‘அ’ பிரிவிலேயே தொடரச் செய்யும்படியும், வெள்ளிக்கிழமை கெடு எங்கள் சம்மதமாகக் கொள்ளப்படாதபடி தடுத்துத் தரும்படியும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். தங்களால் இயன்றால், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் இந்த முறையையே ஒருமுறை பார்வையிட வேண்டுகிறேன். இயலாதென்றால் என் மகளின் காரியத்தை மட்டுமாவது பார்க்கவும். மற்றவர்களுக்காக வலுவாகக் கேட்கும் தெம்பு இப்போது எனக்கில்லை. அதற்காக அவர்கள் பெற்றோர் என்னை மன்னிக்க வேண்டும்.

16. இன்று முதல் இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை நானே மகளுடன் உட்கார்ந்து கேள்வி கேட்பதாக இருக்கிறேன். அந்த நேர அழைப்புகளை உடன் வேலை பார்ப்பவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். எங்கள் மேற்பார்வையாளர் இதற்கு ஒப்பவில்லை. “போனை ஆஃப் பண்ணினா வேலையையும் மறந்துடு தம்பி” என்று சொல்லியிருக்கிறார். மணி எட்டாகப் போகிறது. மகள் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தங்கள் அலுவலகத்திலிருந்து அழைப்பதாக இருந்தால், பள்ளிப் பதிவில் உள்ள தாயாரின் எண்ணுக்கே அழைக்க வேண்டுகிறேன். அது எப்போதும் என்னிடம் இருக்கும். என் கைபேசியை அணைத்துவிட்டேன்.

இடம்: வீடு
நாள்: வியாழக்கிழமை

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
மாணவியின் தகப்பன்
(தாயார் கையொப்பமிட வேண்டிய இடம் காலியாக விடப்பட்டுள்ளது)