களைக்கொல்லி அடித்த மண்ணில் கீரை

ஆடி 12, செவ்வாய்

திருநகரில் வீட்டு முன்புறப் புல்தரையைக் கீரைத் தோட்டமாக்கிய முதல் ஆள் நான்தான். தனியாளாக மண்வெட்டியால் ஒரே நாளில் கொத்தி எடுத்ததாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். நிஜத்தில் களைக்கொல்லியை மூன்று மடங்கு அடித்துத்தான் புல்லைக் கருக்கினேன்.

முதல் அறுப்பை, மாசமாக இருக்கும் தங்கச்சி மகள் செல்விக்குக் கொடுத்தேன்.

இன்று சாயங்காலம், பாத்தியில் மேய்ந்த பக்கத்து வீட்டு ஆடு நுரை தள்ளிக் கிடந்தது.

"அண்ணே, மருந்து கிருந்து அடிச்சீங்களா?" என்றான் ஆட்டுக்காரன்.

"என் தோட்டத்துக்கு மருந்தா? ஆளப் பாத்துப் பேசுப்பா" என்றேன்.

உடனே செல்விக்குப் போன் செய்தேன்.

"இம்புட்டு ருசியா கீரை தின்னதே இல்ல மாமா! டாக்டரம்மாகிட்டகூடப் பெருமையாச் சொன்னேன்."

அதைக் கேட்டபின் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. மிச்சக் கீரையை நாளைக் காலையில் கடைகிறாளாம்.