திரும்பி நின்றவள்

அன்புள்ள தம்பிக்கு,

"அம்மா பணம் எங்கக்கா போச்சு?" என்று துபாயிலிருந்து கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன். பாஸ்புக் ஜெராக்ஸ் இதோடு வைத்திருக்கிறேன், பார். கட்டுமாவடியில் கருவாடு விற்று அவள் சேர்த்ததில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

சித்தப்பா அப்பாவிடம் கைநாட்டு வாங்கித் தோப்பை எழுதிக்கொண்ட பிறகு, அம்மாவுக்குப் பாடம் நடத்தியவள் நான்தான். ஏடிஎம் நம்பரை யாரிடமும் சொல்லக் கூடாது, எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். அவள் நம்பரை அமுக்கும்போது நானே திரும்பி நின்றுகொள்வேன். அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

அம்மாவின் ஸ்கேனுக்கும் மாத்திரைக்கும் என் வளையல்கள் போய்விட்டன. கம்மல் மட்டும்தான் மிச்சம். ஏடிஎம் நம்பர் எனக்கும் தெரியாது. நேற்று பேங்க்காரரே வீட்டுக்கு வந்து, கைநாட்டு வைத்தால் போதும், பணம் தருகிறேன் என்றார். அம்மா கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினேன். கோபத்தில் அவள் கையைப் பிடித்து இழுத்தும்விட்டேன்.

அம்மா கையை உருவிக்கொண்டு என்னிடம் மரியாதையாகச் சொன்னாள்:

"தப்பா நெனைக்காதீங்க. யாரு கேட்டாலும் கைநாட்டு வைக்கக் கூடாதுன்னு எம் மக சொல்லிருக்கா. அவ இப்ப வந்துருவா. அவகிட்டயே கேட்டுக்கங்க."

உனக்கு லீவு கிடைக்குமா, தம்பி? இதை எழுதும்போதும் அம்மா என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உன் அக்கா