மகளுக்காக நான் போட்ட ஐந்து

பிப்ரவரி 3, ராஜமந்திரி

ரிப்பேர் கடையில் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுவதைப் பாதியில் விட்டுவிட்டு, மகள் சௌஜன்யாவுக்காக ஒரு படிவம் நிரப்பினேன். படிப்பது அவள், விசாகப்பட்டினத்துப் பல்கலைக்கழகத்தில். ஆனால் அவளுடைய எல்லா விண்ணப்பத்திலும் இருப்பது என் போன் நம்பர்; இந்தப் படிவமும் அதற்கே வந்தது. எல்கேஜி விண்ணப்பத்திலிருந்து, கல்லூரியில் எந்தப் படிப்பு என்று தேர்ந்தெடுக்கும் வெப் ஆப்ஷன் வரை நிரப்பிய கை இது. அவள் வரலாறு படிக்கக் கேட்டாள். செத்த ராஜாக்களா சம்பளம் தருவார்கள் என்று நான் கம்ப்யூட்டர் படிப்பை அமுக்கினேன்.

இது ஏழு நாட்டு மாணவர்களின் மனநலத்தைப் பற்றிய ஆய்வாம். தெலுங்கிலும் இருந்தது. ‘என் முடிவுகளை நானே எடுக்கிறேன்.’ ஐந்துக்கு ஐந்து போட்டேன். ‘மனதில் உள்ளதை வீட்டில் சொல்ல முடிகிறது.’ அதற்கும் ஐந்து. பிள்ளைக்கு மார்க் குறையலாமா?

பிப்ரவரி 19

ஆய்வு நடத்தும் மேடம் அவளைத் தேடி எனக்குப் போன் செய்தார். “ஏழு நாட்டுலயும் எல்லாத்துக்கும் அஞ்சு போட்டது உங்க பொண்ணு மட்டும்தாங்க. நேர்ல வரச் சொல்லுங்க.”

கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பூதரேகு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். பக்கத்துக் கடை சத்திபாபு கேட்டான்: “எதுலப்பா ஃபர்ஸ்ட்?”

“சந்தோஷத்துல.”

“அதுக்கு எங்க கோச்சிங் சேத்தே?”

பிப்ரவரி 21

சௌஜன்யா போனில் பேசினாள். அப்பாவைத் தெலுங்கில் ‘நான்னா’ என்றுதான் கூப்பிடுவாள். “நான்னா, ‘என் முடிவை நானே எடுக்கிறேன்’னு நீங்களா டிக் போட்டீங்க?”

“உனக்காகத்தாம்மா.”

“மேடம் சிரிச்சாங்க. அப்புறம் அதே கேள்விய என்கிட்ட கேட்டாங்க. அழுதுட்டேன்.”

ஆறுதல் சொல்லத் தெரிந்தவனா நான்? எவ்வளவு போட்டாய் என்றுதான் கேட்டேன்.

“ஒண்ணு.”

“எல்லாத்துக்குமா?”

“இல்ல. ‘என்மேல அக்கறை உள்ளவங்க இருக்காங்க’ன்னு ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு அஞ்சு.”

பிப்ரவரி 22

இன்று சாப்பிடவே இல்லை என்று எழுத ஆசை. மூன்று பெசரட்டு தோசை தின்றேன்.

மார்ச் 12

முதுகலை விண்ணப்பம் தொடங்கிவிட்டது. காலையில் சௌஜன்யாவிடமிருந்து போன்.

“நான்னா, உங்களுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். சொல்லுங்க.”

வந்திருந்தது. விண்ணப்பத்தில் இருக்கும் நம்பரை மாற்றுவதற்கான ஓடிபி. என்னுடையதை எடுத்துவிட்டு அவளுடையதைப் போடுகிறாள். கடைசி எண்ணை மாற்றிச் சொன்னால் என்ன? — ஒரு நொடி தோன்றியது, மறைக்கவில்லை. ஆறையும் சரியாகவே சொன்னேன்.

“எந்தப் படிப்புன்னு கேக்கலையா?”

“கேக்கல.”

நாக்கைக் கடித்தபடி சொன்ன பதில். இன்னும் வலிக்கிறது.

மாலைவரை அவள் விண்ணப்பத்தைப் பற்றி ஒரு ஓடிபியோ மெசேஜோ என் போனுக்கு வரவில்லை. பத்து தடவை எடுத்து எடுத்துப் பார்த்ததைக் கவனித்துவிட்டு சத்திபாபு கேட்டான்: “என்னப்பா, போன் ரிப்பேரா?”

“இல்லப்பா. நல்லாத்தான் இருக்கு.”